ரத்தத்தை எடைபோட்டபோது

அன்புள்ள அம்மா,

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் பேறுகால மரணங்கள் குறித்து நான் எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. இது நிறத்தால் வந்த வினையல்ல, ஏழ்மையால் வந்தது; படிப்பும் கையில் நாலு காசும் இருந்தால் தாய் பிழைத்துக்கொள்வாள் என்கிறீர்கள். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சொல்லும்போது அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நான் மறுக்கிறேன்.

ஷலான் இர்விங் என்ற பெண்ணைப் பாருங்கள். அட்லாண்டாவில், அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையத்தில் ஆய்வாளர். முனைவர் பட்டம் பெற்றவர். இனமும் வசதியும் மனிதர்களின் உடல்நலத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதே அவருடைய ஆய்வு. 2017 ஜனவரியில் பெண் குழந்தை பெற்றார். அதன்பின் ரத்த அழுத்தம் ஏறியது, கால் வீங்கியது, தலைவலி வந்தது. திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போனார். கடைசியாகப் போனபோது மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிரவே சரிந்து விழுந்தார். சில நாளில் இறந்துபோனார். வயது 36. படிப்பு இருந்தது, நல்ல சம்பளம் இருந்தது, காப்பீடும் இருந்தது.

அவர் ஒருவர் கதை மட்டுமல்ல இது. 2023இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தார்கள். வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர். ஷலான் வேலை பார்த்த அதே மையம் 2019இல் இன்னொன்றையும் வெளியிட்டது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் மரண விகிதம், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைவிட அதிகம். உங்கள் வாதம் இந்த இடத்தில் நிற்கவில்லை அம்மா.

பணத்துக்கும் புகழுக்கும் குறைவில்லாத டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் சொன்னதையும் முதலில் நம்பவில்லை. 2017 செப்டம்பரில் சிசேரியன் முடிந்த மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறியது. முன்பே ஒருமுறை நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர் என்பதால் என்ன நடக்கிறதென்று அவருக்குப் புரிந்துவிட்டது. செவிலியரிடம் போய், உடனே சி.டி. ஸ்கேன் வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தார் அந்தச் செவிலியர். முதலில் காலுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள்; ஒன்றுமில்லை. பிறகு சி.டி. எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தன. இருமி இருமித் தையல் பிரிந்து, மறுபடி அறுவை சிகிச்சை. ஆறு வாரம் படுக்கை. அவர் பிழைத்தது விடாமல் வற்புறுத்தியதால்தான். அப்படி வற்புறுத்தும் தெம்பும் பேரும் எல்லாத் தாய்க்கும் இருக்குமா?

கறுப்பினப் பெண்கள் சொல்வதை ஏன் நம்புவதில்லை? 2016இல் வர்ஜீனியாவில் நடந்த ஆய்வு ஒன்றில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேர், கறுப்பர்களின் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய்களில் ஏதாவது ஒன்றை உண்மையென்று நினைத்திருந்தார்கள். இதற்கு வேர் ஆழமானது. 1840களில் அலபாமாவில் மாரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்க்கா, பெட்ஸி, லூஸி முதலான அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகினார். நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று கொண்டாடப்பட்ட அவருடைய சிலை 2018 வரை நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நின்றது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த நிலை மாற்ற முடியாததா என்றால், இல்லை. பிரசவ அறையில் எவ்வளவு ரத்தம் போனது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். அதிகமாகப் போகும்போது கண் குறைத்தே சொல்லும். கலிபோர்னியாவில் மருத்துவமனைகள் கூட்டாகச் சேர்ந்து, ரத்தம் தோய்ந்த துணிகளை எடைபோட்டு அளக்கும் முறையைக் கொண்டுவந்தன. தேவையான மருந்துகளையும் கருவிகளையும் ஒரு தள்ளுவண்டியில் தயாராக வைத்தார்கள். எந்த அளவைத் தாண்டினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி, ஒத்திகையும் பார்த்தார்கள். 2006க்கும் 2013க்கும் இடையில் அம்மாநிலத்தில் பேறுகால மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. பின்னர் கணக்குப் பார்த்தபோது, உதிரப்போக்கால் வரும் கடும் சிக்கல்கள் கறுப்பினத் தாய்மாரிடம்தான் அதிகமாகக் குறைந்திருந்தன. தராசுக்கு நிறம் தெரியாது. மரணங்களில் உள்ள இடைவெளி அங்கேயும் முழுதாக மூடிவிடவில்லை. ஆனால் உடம்பில் குறை ஏதுமில்லை, கவனிப்பில்தான் குறை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நீங்கள் சொன்ன ஏழ்மையும் இதில் இல்லாமலில்லை. அந்நாட்டில் பேறுகாலம் தொடர்பான மரணங்களில் பாதிக்கும் மேல், குழந்தை பிறந்து ஒரு வாரம் கழித்து ஓராண்டுக்குள் நடப்பவை. ஏழைத் தாய்மாருக்கான மெடிகெய்ட் காப்பீடோ முன்பு பலருக்கு 60 நாளோடு நின்றுவிட்டது. 2021இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அது ஓராண்டுவரை நீட்டிக்கப்பட்டு, ஏறக்குறைய எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. ஷலானின் தோழியும் செவிலியருமான லாரன் அண்டர்வுட், நம் சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் முதலியோர் 2020இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த, கறுப்பினத் தாய்மார் நலனுக்கான விரிவான மசோதா மட்டும் முழுமையாக நிறைவேறாமலே கிடக்கிறது.

பிரசவமான வீடுகளுக்கு நடந்தே போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்துவந்ததாக எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் பல தாய்மாருக்கு வழக்கமான பரிசோதனை ஆறாவது வாரத்தில்தான். வீடு தேடி வருபவரும் பெரும்பாலும் இல்லை. நீங்கள் போன வீடுகளுக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள், எதைக் கேட்பீர்கள், எந்தப் பதில் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள் என்பதை விரிவாக எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.