பழைய வரி முறையா, புதிய வரி முறையா?

இந்திய ஒன்றிய அரசின் 2025-26ஆம் நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2025 பிப்ரவரி 1 அன்று தாக்கல் செய்தார். அதில் சம்பளக் குடும்பங்களை நேராகத் தொட்ட அறிவிப்பு, புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்பதாகும். இது முழு விலக்கு அன்று. வரி 4 லட்சத்துக்கு மேலேயே தொடங்கி, ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 விழுக்காடு என ஏறி, 24 லட்சத்தைக் கடந்தபின் 30 விழுக்காடாகிறது. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு மட்டும், கணக்கிட்ட வரியில் 60,000 ரூபாய் வரை 87ஏ பிரிவின்படி தள்ளுபடி ஆகிறது. பங்கு விற்ற லாபம்போல் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இத்தள்ளுபடி பொருந்தாது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

சம்பளக்காரருக்குச் செலவுக் கணக்கு கேட்காமலே வழங்கப்படும் நிலையான கழிவு புதிய முறையில் 75,000 ரூபாயாக இருப்பதால், ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை உள்ளவர் வரி செலுத்த வேண்டியதில்லை. செலவுகளுக்கும் சேமிப்புகளுக்கும் கழிவு தரும் பழைய முறையில் இதே நிலையை எட்ட, வரிக்குரிய வருமானத்தை 5 லட்சத்துக்குக் குறைக்க வேண்டும், அதற்கு 7.75 லட்சம் ரூபாய்க்குக் கழிவுகள் தேவை. சாதாரணக் குடும்பத்தால் இயலாத காரியம் இது. ஆகவே இந்த வரம்புக்குள் இருப்போர் பழைய முறையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உண்மையான தேர்வு அதற்கு மேல்தான் எழுகிறது. 16 லட்சம் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரி 1,08,750 ரூபாய். அதன்மீது 4 விழுக்காடு செஸ் எனப்படும் கூடுதல் தீர்வை இரு முறைகளுக்கும் பொதுவானது. பழைய முறையில் இதைவிடக் குறைவாகச் செலுத்த, அங்குள்ள 50,000 ரூபாய் நிலையான கழிவு போக, மேலும் 5,68,750 ரூபாய்க்கு மேல் கழிவுகள் காட்ட வேண்டும். வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஆகியவை அடங்கும் 80சி பிரிவில் 1.5 லட்சம், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 2 லட்சம், குடும்பத்துக்கும் மூத்த பெற்றோருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீட்டுக்கு 75,000, தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கூடுதலாக 50,000 என எல்லாவற்றையும் உச்ச வரம்பு வரை நிரப்பினாலும் 4.75 லட்சமே தேறும். எனவே சொந்த ஊரில் கடன் வாங்கி வீடு கட்டிவிட்டு, வேலை நிமித்தம் சென்னையில் கணிசமான வாடகை கொடுத்து, வீட்டு வாடகைப்படிக்கான கழிவையும் பெறுபவர் போன்றோருக்கே பழைய முறை ஆதாயம் தரும். சம்பளம் 24.75 லட்சத்தைத் தொடும்போது, பழைய முறை ஆதாயமாகக் காட்ட வேண்டிய கழிவுகளின் எல்லை 8 லட்சமாகிறது. அதற்கு மேல் இரு முறைகளிலும் உச்ச விகிதம் 30 விழுக்காடே என்பதால் எல்லை மேலும் உயர்வதில்லை.

கணக்குப் போடும்போது ஏற்கெனவே செய்துவரும் செலவுகளையும் சேமிப்புகளையும் மட்டுமே கூட்ட வேண்டும்; வரியைக் குறைப்பதற்கென்றே மார்ச் மாதத்தில் தேவையற்ற காப்பீட்டுப் பத்திரம் வாங்குவது, மிச்சப்படும் வரியைவிடப் பெரிய தொகையைப் பல்லாண்டுகள் முடக்கிவிடும். ஆயினும் 80சி பிரிவு பல குடும்பங்களைக் கட்டாயப்படுத்திச் சேமிக்க வைத்தது என்பதையும் மறுக்க இயலாது. புதிய முறை அந்த நெருக்கடியை நீக்கிவிட்டதால், கையில் மிஞ்சும் பணத்தைச் சேமிக்கும் பொறுப்பு முழுவதும் குடும்பத்தையே சேர்கிறது.

சம்பளக்காரர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவரோ, புதிய முறையை விட்டு வெளியேறினால் ஒருமுறை மட்டுமே திரும்ப இயலும். புதிய முறையே இயல்புநிலை என்பதால், பழையதை நாடுவோர் வரிப் படிவத்தைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமாகத் தாக்கல் செய்பவருக்கு அந்தத் தேர்வுரிமை இல்லை.