மலைப்பாதையில் சைக்கிள் ஏறவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

2008-இல் தொடங்கிய நீலகிரி சைக்கிள் சுற்றுப்பயணத்தில் இவ்வாண்டு நீயும் கலந்துகொள்ளப் போகிறாய் என்றும், சமவெளியில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டுவது பழக்கமாகிவிட்ட உனக்குக் கல்லட்டி மலைப்பாதையை நினைக்கும்போது மட்டும் மனம் கலங்குகிறதென்றும் எழுதியிருந்தாய். அந்தக் கலக்கத்தை நான் பலவீனமாகக் கருதவில்லை. மலையை மலையாக மதிக்கிற புத்தியின் முதல் அடையாளம் அது. ஜீவனத்துக்காக அன்றி ஆர்வம் ஒன்றினாலேயே தூரப் பயணம் மேற்கொள்ளும் இளைஞர்கள் இன்று நம் ஊர்களில் பெருகியிருப்பதால், உனக்குச் சொல்வது அவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றே. மலையில் தோற்பவர்களில் பெரும்பாலோர் உச்சியின் அருகில் தோற்பதில்லை. அடிவாரத்தில், உடம்பில் தெம்பும் மனத்தில் உற்சாகமும் ததும்பி நிற்கும் முதல் இரண்டு கிலோமீட்டரில், தமக்கே தெரியாமல் தோற்றுவிடுகிறார்கள். ஆகையால் ஏற்றத்தில் சைக்கிள் ஓட்டுகிறவன் முதலில் கற்கவேண்டியது மிதம். பலமும் வேகமும் அதன் பின்னரே வருபவை.

இதற்குக் காரணம் இயற்கையின் நியதியிலேயே இருக்கிறது. சமவெளியில் உன் சக்தியின் பெரும்பகுதியைக் காற்று உண்டுவிடுகிறது; அங்கே முன்செல்பவரின் நிழலில் ஒட்டிச் சென்று இளைப்பாறலாம், களைத்தால் வேகத்தைக் குறைத்து மீண்டும் தேறலாம். மலையிலோ வேகம் பத்துக் கிலோமீட்டருக்கு இறங்கியவுடன் காற்றின் எதிர்ப்பு அநேகமாக மறைந்துபோய், புவியீர்ப்பு ஒன்றே எதிரே நிற்கிறது. அதனிடமிருந்து உன்னை மறைத்துக் காக்க எந்த நண்பனாலும் இயலாது. உன் உடலும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டர் தூரத்துக்கு எட்டு மீட்டர் உயரும் பாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 190 வாட் சக்தி வேண்டும். 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏற விரும்பினால் ஏறத்தாழ 230 வாட் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம், ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உழைப்புக்கும் பத்து நிமிஷத்தில் தொடையைக் கல்லாக்கிவிடும் உழைப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசமாக இருக்கக்கூடும்.

நம் நீலகிரி ரயில் பாதையையே எடுத்துக்கொள். கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டரில் தொடங்கி 2203 மீட்டர் வரை 46 கிலோமீட்டர் தூரம் ஏறி, 1908-இல் உதகையை எட்டிய அந்தப் பாதையின் மிகச் செங்குத்தான பகுதி பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி, அதாவது நூற்றுக்கு எட்டுக்குச் சற்று அதிகம், என்ற அளவில் உயர்கிறது. அந்தச் சரிவுக்கே நீராவி எஞ்சின் வழுக்காதிருக்கக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பல்தண்டவாளம் பதிக்க நேர்ந்தது. மசினகுடிப் பக்கத்திலிருந்து தலைக்குந்தாவை நோக்கி, முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் கல்லட்டிப் பாதையில் அதைவிடக் கடுமையான சரிவுகள் பல இடங்களில் உண்டு. ரயிலே பல்சக்கரத்தைத் துணைக்கொண்டு நிதானமாக ஏறுகிற மலையில், மனிதன் தன் இரு கால்களை மட்டும் நம்பி அவசரப்படுவது எவ்வளவு தகுதியற்றது என்பதை நீயே யோசித்துப் பார்.

அந்தப் பல்சக்கரத்துக்கு நிகராக உன் சைக்கிளில் இருப்பது கியர். முன்னால் 34 பல்லும் பின்னால் 28 பல்லும் கொண்ட கியரில் நிமிஷத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகம் வரும். பாதை நூற்றுக்குப் பத்து என்று நிமிரும்போது அந்த வேகத்தைத் தாங்கமுடியாமல் ஏழுக்கு இறங்கினாயானால், மிதிப்பு நாற்பத்தைந்து சுற்றாகக் குறைந்து, ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பிழியும் பாரமாகிவிடும். பின்சக்கரத்தில் 34 பல் வரை உள்ள கேசட்டை, அதாவது பல்சக்கர அடுக்கை, பூட்டிக்கொண்டால், அதே ஏழு கிலோமீட்டரில் கால் ஐம்பத்தைந்து சுற்றேனும் சுழலும். மூட்டுக்கு வரவிருந்த சிரமத்தை மூச்சும் இருதயமும் பகிர்ந்துகொள்ளும். சிறிய கியர் பலவீனர்களுக்கு உரியது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பாய். அது மிகப் பழைய விவாதம். பிரான்ஸில் செயிண்ட் எத்தியேன் நகரத்தில் வாழ்ந்து, வெலோசியோ என்ற புனைபெயரால் புகழ்பெற்ற பால் தெ விவீ, மலைக்கு ஏற்ற மாற்றுக் கியர்களின் பயனைத் தம் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திவந்தார். டூர் தெ பிரான்ஸை நடத்திய ஹென்றி தெக்ரான்ஷ் அவற்றை ஏற்கவில்லை. 1937-இல்தான் அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி கிடைத்தது. இன்று அதன்றி மலையேறும் வீரன் எவனுமில்லை. எனவே வெட்கத்தை விட்டொழித்து, பெரிய கேசட்டை வாங்கிக்கொள். இலகுவான சைக்கிளுக்காகக் கடன்படாதே. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது முக்கால் நிமிஷம்தான்.

ஏறும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். அடிவாரம் வருவதற்குள்ளாகவே கியரைக் குறைத்துவிடு. பாரம் ஏறிய செயினை அவசரமாக மாற்றினால் அது கழன்று விழுந்து, மலையின் தொடக்கத்திலேயே உன்னை இறக்கிவிடும். முதல் கால் மணி நேரம், உன் மனம் விரும்பும் வேகத்தைவிடக் குறைவாகவே செல். மற்றவர்கள் உன்னைக் கடந்து செல்வார்கள், செல்லட்டும். ஒரு முழு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேச முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துக்கொள். முடியாவிட்டால் அளவு மீறிவிட்டாய் என்று அறி. பெரும்பாலும் ஆசனத்தில் அமர்ந்தே மிதி. முதுகு இறுகும்போது மட்டும் எழுந்து நின்று பத்துப் பன்னிரண்டு மிதிகள் மிதித்து, மீண்டும் அமர்ந்துகொள். கைப்பிடியை நெரிக்காதே; தோளும் விரல்களும் தளர்ந்திருக்கட்டும்.

கொண்டை ஊசி வளைவுகளை அஞ்சாமல், அவற்றின் இயல்பைப் படித்துக்கொள். வளைவின் உட்புறம் செங்குத்து, வெளிப்புறம் சாய்வு குறைந்தது. நாம் இடப்பக்கம் செல்பவர்களாதலால், வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் வெளிப்புறம் தானாகவே நமக்கு வாய்க்கிறது; அந்தச் சில மீட்டர்கள் மூச்சை இழுத்துக்கொள்ளவும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் மலை தரும் அவகாசம். இடப்பக்கம் திரும்பும்போதோ செங்குத்தான உட்பகுதி எதிர்ப்படும். மேலும் கீழும் வாகனம் இல்லையென்று நிச்சயமாகத் தெரிந்தாலன்றிச் சாலையின் நடுவுக்கு ஒதுங்காதே. மேலேறும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் அவ்வளைவு முழுவதுமே தேவைப்படும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடு.

பசித்த பின் உண்பதும் தாகமெடுத்த பின் குடிப்பதும் தூரப் பயணத்தில் காலங்கடந்த செயல்கள். ஏற்றத்தில் இரைப்பைக்குச் செல்லும் ரத்தம் குறைந்துவிடுவதால், அடிவாரத்துக்கு அரைமணி நேரம் முன்பே வாழைப்பழமோ கடலைமிட்டாயோ தின்றுவிடு. வியர்வையோடு உப்பும் போவதால் ஒரு பாட்டிலில் உப்புச்சர்க்கரைக் கரைசல் வைத்துக்கொள். நாள் முழுவதன் கணக்கையும் மனத்தில் வை. உதாரணமாக, பிரவே எனப்படும் நேரக் கெடுவுள்ள தூரப் பயணத்தில் 200 கிலோமீட்டருக்குக் கெடு பதின்மூன்றரை மணி நேரம். அதில் முப்பது கிலோமீட்டர் மலையை மணிக்கு ஒன்பது என்று ஏறினாலும் மூன்று மணி இருபது நிமிஷம்தான் ஆகும். எஞ்சிய தூரத்தைச் சராசரி இருபதில் முடித்தால், சாப்பிடவும் பஞ்சர் ஒட்டவும் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கையில் நிற்கும். இந்தக் கணக்கை முந்தின இரவே காகிதத்தில் போட்டவனை எந்த மலையும் பதறச் செய்யாது.

பயிற்சிக்கு நம் நாட்டில் மலைகளுக்குக் குறைவில்லை. இருபது வளைவுகள் உள்ள ஏற்காட்டில் தொடங்கு. ஆழியாறிலிருந்து நாற்பது வளைவுகளில் ஏறும் வால்பாறைக்கும், எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கும் பிறகு போ. வள்ளுவர் வலியறிதலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தது அரசர்களுக்கு மட்டும் அல்ல. தன் வலியின் எல்லையை அனுபவத்தால் அறியாதவன் எந்த மலையின் அடிவாரத்திலும் மிதமாக இருக்கமாட்டான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் கால் ஓயலாம். அப்போது இறங்கி நட. 1910-இல் டூர் தெ பிரான்ஸ் முதன்முதலாகப் பிரனீஸ் மலைத்தொடரின் துர்மாலே கணவாயைக் கடந்தபோது, இறங்காமல் ஏறி முடித்தவர் குஸ்தாவ் காரிகூ. ஆனால் ஏற்றங்களில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளி நடந்த ஆக்தாவ் லாபீஸ்தான் அவ்வாண்டுப் பந்தயத்தையே வென்றார். நடப்பது அவமானம் அன்று. நடக்க வேண்டிய நேரத்தில் பிடிவாதத்தால் நிலைகுலைந்து லாரியின் முன் சாய்வதே அவிவேகம்.

உச்சியை அடைந்ததும் வேலை முடிந்ததென்று எண்ணாதே. நனைந்த சட்டையோடு உதகையின் குளிர்காற்றில் இறங்கினால் விரல்கள் மரத்துப் பிரேக்கை உணரமுடியாமற் போகும். ஆகையால் காற்று புகாத ஒரு மேலாடையை மடித்து எடுத்துச் செல். அது இல்லையேல், சட்டைக்குள் ஒரு செய்தித்தாளை மார்போடு செருகிக்கொள். வேகத்தை வளைவுக்குள் அல்ல, வளைவுக்கு முன்பே குறை. பிரேக்கை இடைவிடாது அழுத்தி வைத்துச் சூடேற்றாமல், விட்டு விட்டு இரு கைகளாலும் பிடி.

தம்பி, நீ பரிசுக்காக ஏறவில்லை; உன் நேரத்தைக் கேட்டு உனக்குச் சம்பளம் தருபவர் யாரும் இல்லை. அந்தச் சுதந்திரமே ஆர்வலனின் மகத்தான செல்வம். பிறருடைய வேகத்துக்குத் தன் இருதயத்தை அடகு வைக்கிறவன் அந்தச் செல்வத்தை அடிவாரத்திலேயே இழந்துவிடுகிறான். தன் அளவை அறிந்து, அதில் உறுதியாக நின்று ஏறுகிறவனோ கடைசியாக வந்து சேர்ந்தாலும் முழு மலையையும் தன் சொந்த பலத்தால் ஏறியவன் ஆகிறான். மேலே சேர்ந்ததும் உடனே கூடாரத்துக்குப் போய்விடாமல், உனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகச் சிறிது நேரம் நின்று, தண்ணீர் கேட்பவர்களுக்குத் தண்ணீர் கொடு. பிறகு உன் அனுபவத்தை எனக்கு விவரமாக எழுது. எந்த வளைவில் மூச்சு வாங்கியது, எந்தக் கியர் போதவில்லை என்பதையெல்லாம் எழுது. அடுத்த மலைக்கு வேண்டிய யோசனையை அதிலிருந்தே தொடங்குவோம்.

இங்ஙனம்,
உன் நலம் விரும்பும் அண்ணன்