சோலார் வைத்த மாடி ஏன் ஒழுகுகிறது?

“சோலார் போட்டதிலிருந்து மாடி ஒழுகுது” என்று யாராவது போன் செய்தால், எத்தனை பேனல், எந்தக் கம்பெனி என்றெல்லாம் நான் கேட்பதில்லை. மேலே தட்டோடு பதித்திருக்கிறதா, வெள்ளை டைல்ஸா, வெறும் சிமென்ட் பூச்சா என்றுதான் கேட்பேன். பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். தாம்பரம், வண்டலூர் பக்கம் வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024-இல் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றான பிறகு, நான் கட்டிய வீடுகளின் மாடிகளிலும் பேனல்கள் முன்பைவிட அதிகமாக ஏறத் தொடங்கின. ஒழுகினால் வீட்டுக்காரர் முதலில் கூப்பிடுவது சோலார்காரரை அல்ல, என்னைத்தான்.

சோலார் பொருத்த வருகிறவர்கள் பெரும்பாலும் மின்வேலை தெரிந்தவர்கள். ஒயரிங், இன்வெர்ட்டர், எர்த்திங் எல்லாம் நன்றாகவே செய்கிறார்கள். தளம் மட்டும் அவர்களுக்குத் துளை போடும் இடம், அவ்வளவுதான். கொட்டேஷனின் கடைசி வரியில் ‘சிவில் வேலை வாடிக்கையாளர் பொறுப்பு’ என்று போட்டிருப்பார்கள். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

நம் ஊர் மொட்டை மாடி ஒரே கான்கிரீட் அல்ல. அடியில் நாலரை, ஐந்து அங்குலத்தில் கம்பி கட்டிய கான்கிரீட். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்துப் போட்ட சுமார் 3 அங்குலப் படுகை. அதற்கும் மேலே தட்டோடு. (கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, ஜல்லியை நாள்கணக்கில் தட்டி இறுக்கிய காலம் போய்விட்டது. அந்த வேலைக்கு இப்போது ஆள் தேடினாலும் கிடைப்பதில்லை.) மழையைத் தடுப்பது தட்டோடும் அதன் இடுக்குகளில் அடைத்த சாந்தும்தான். நடுவிலிருக்கும் ஜல்லி தண்ணீரைத் தடுக்காது, குடிக்கும்.

இப்போது ஒருவர் தட்டோட்டின்மேல் டிரில்லை வைத்து நேராக இறக்குகிறார். 4 அங்குல ஆங்கர் போல்ட்டைத் தட்டி முடுக்குகிறார். தட்டோடும் அதன் சாந்தும் ஓர் அங்குலம், ஜல்லி 3 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், போல்ட் கான்கிரீட்டைத் தொட்டிருக்காது. உதிரி ஜல்லியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. காற்றில் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர் அசைய அசைய போல்ட் தளரும், சுற்றியிருக்கும் தட்டோடு விரியும், அந்த விரிசல் வழியே தண்ணீர் இறங்கும். இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியர் வேண்டாம். துளையிலிருந்து வெளிவரும் தூளின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் இன்னும் செங்கல் ஜல்லியில்தான் நிற்கிறது; சாம்பல் நிறத்துக்கு மாறினால்தான் கான்கிரீட். வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் மாடியில் நின்று இது ஒன்றைப் பார்த்தாலே போதும்.

உள்ளே போன தண்ணீர் அங்கேயே இறங்குவதில்லை என்பதுதான் பெரிய தொல்லை. ஜல்லிப் படுகைக்குள் பரவி, கான்கிரீட்டில் எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கே இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்தபின் ஒரு வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஃபேன் கம்பி வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “ஃபேன் பாக்ஸை மூடினா நின்னுடுமா சார்?” என்று கேட்டார் அந்த அம்மா. “மூடினா பக்கத்து ரூம்ல வரும்மா” என்றேன். மேலே ஏறிப் பார்த்தால், ஹாலுக்கு மேலே சோலாரே கிடையாது. பேனலின் கால்கள் நின்றது படுக்கையறைக்கு மேல். வாட்டம் ஹால் பக்கம் இருந்ததால் தண்ணீரும் அந்தப் பக்கம் நடந்து வந்து, தளம் போடும்போதே பதித்த ஃபேன் பாக்ஸைக் கண்டுபிடித்துக்கொண்டது. கீழே கறை தெரியும் இடத்துக்கு நேர்மேலே மருந்தடிப்பது வீண்செலவு. வாட்டத்தின் மேல்பக்கமாகத் தேடிப்போக வேண்டும்.

“துளையே போடாமல் கான்கிரீட் கட்டையை வைத்து அதில் நிறுத்திவிடலாமே” என்பார்கள். முழங்கால் உயரத்தில் தாழ்வாக, நிறைய கட்டைகளைப் பரப்பி வைக்கிற ஸ்ட்ரக்சருக்கு எடையைக் கணக்குப் போட்டுச் செய்தால் அது நல்ல வழி. ஆனால் துணி காயப்போட வேண்டும், வடகம் பிழிய வேண்டும், மாடி காலியாக இருக்க வேண்டும் என்று நம்மவர்கள் கேட்பது ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிய ஸ்ட்ரக்சர். அங்கே இந்தக் கதை எடுபடாது. காற்று விசைக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்கிறது, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். 50 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம். 540 வாட் பேனல்கள் ஆறு வைத்தால் பரப்பு 15 சதுர மீட்டருக்கு மேல். ஆக மொத்த விசை 2 டன்னைத் தாண்டுகிறது. பேனலின் சாய்வையும் கட்டடத்தின் உயரத்தையும் சுற்றுப்புறத்தையும் பொறுத்து இது கூடலாம், குறையலாம். எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? நாலு பக்கமும் ஓரடி உள்ள கான்கிரீட் கட்டையின் எடை 70 கிலோகூட இல்லை. நாலு காலுக்கு நாலு கட்டை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவரை நான் தைரியசாலி என்றுதான் சொல்வேன். பேனல்களின் எடை தளத்தை ஒன்றும் செய்யாது, ஆறும் சேர்ந்து 170 கிலோ அளவுதான் வரும். ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ பறக்காதோ, பேனல் பறக்கும்.

ஆகவே உயரமான ஸ்ட்ரக்சருக்குக் கான்கிரீட்டில் பிடிப்பு வேண்டும். நான் செய்விக்கும் முறை இது.

முதலில் கீழே வீட்டுக்குள் போய், பீமும் சுவரும் எங்கே ஓடுகின்றன என்று அளந்து, அதே கோட்டை மாடியில் சுண்ணாம்பால் போட்டுக்கொள்வேன். கால்கள் அந்தக் கோட்டின்மேல் வர வேண்டும், அறையின் நட்டநடுவில் அல்ல. மழைநீர்க் குழாய்க்குப் போகிற வழியிலும், டேங்க் நிரம்பி வழிகிற இடத்திலும் கால் வைக்க விடமாட்டேன். கைப்பிடிச் சுவரில் போல்ட் அடித்துப் பிடிப்பது கூடவே கூடாது. நாலரை அங்குலச் செங்கல் சுவர் அது, இழுத்தால் சுவரோடு வந்துவிடும்.

பிறகு கால் வரும் இடத்தில் மட்டும் ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தட்டோட்டைக் கட்டரால் அறுத்து எடுக்க வேண்டும். சுத்தியலால் உடைத்தால் பக்கத்து ஓடுகளும் கலகலத்துவிடும், அங்கேதான் அடுத்த ஒழுகல். ஜல்லியைச் சுரண்டி எடுத்து, கான்கிரீட் தெரியும்வரை போய், மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் டிரில். தளம் 5 அங்குலம் என்றால் துளை 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. டிரில் பிட்டில் அந்த அளவுக்கு ஒரு டேப்பைச் சுற்றிவிட்டால் ஆழம் தவறாது. கம்பி இடறினால் அறுக்காமல் துளையைத் தள்ளிப் போட வேண்டும்.

விரிந்து பிடிக்கும் சாதாரண ஆங்கரைவிட, துளைக்குள் பசை செலுத்திக் கம்பியை நிறுத்தும் கெமிக்கல் ஆங்கர்தான் தளத்துக்கு ஏற்றது. கம்பியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அது நிரப்பிவிடுவதால் தண்ணீருக்கு வழி இருக்காது. ஆனால் துளையில் தூள் இருந்தால் அந்தப் பசை தூளைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டை அல்ல. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி எடுக்க வேண்டும். இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். “அதெல்லாம் பிடிச்சுக்கும் சார்” என்ற தம்பியிடம், “ஊதாத துளைக்குப் பில் கிடையாது” என்று சொல்லி வேலையை நிறுத்தியிருக்கிறேன். பசை இறுக எவ்வளவு நேரம் என்று டியூபிலேயே போட்டிருக்கும். அதற்குள் நட்டை முடுக்கக்கூடாது.

நிறுத்திய கம்பிகளைச் சுற்றிச் சிமென்ட் பால் தடவி, கான்கிரீட் கட்டை போட வேண்டும். கட்டையின் தலை தட்டோட்டு மட்டத்திலிருந்து அரையடியாவது மேலே நிற்கட்டும். பேஸ் பிளேட்டும் நட்டும் அதன்மேல் உட்காரும். நட்டு இருக்கும் இடத்துக்கு மழைத்தண்ணீர் எட்டவே கூடாது, இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. கட்டையை ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆற்றிய பிறகு, சிமென்டோடு பாலிமர் கலந்த நீர்த்தடுப்புப் பூச்சை, திறந்து கிடக்கும் கான்கிரீட்டிலிருந்து தொடங்கிக் கட்டையின் பக்கங்கள்மேல் ஏறும்படி இரண்டு முறை அடிக்க வேண்டும். முதல் பூச்சு காய்ந்து இரண்டாவது. அதன்பின் வெட்டிய பள்ளத்தை நிரப்பி, கட்டை தளத்தைச் சந்திக்கும் மூலையைச் சரிவாக வளைத்துப் பூசி, ஓட்டைத் திரும்பப் பதித்து, ஓரத்தில் பாலியூரித்தேன் சீலன்ட் கொடுக்க வேண்டும். சிலிக்கான் கண்ணாடிக்கு நல்லது. சிமென்ட் மாடியில் சீக்கிரம் உரிந்து வந்துவிடும்.

யாரும் கவனிக்காத ஒன்று, ஜி.ஐ. பைப்பின் தலை. மூடி போடாத பைப்புக்குள் மழை இறங்கி, உள்ளேயே தேங்கி, போல்ட் துளையைத் தேடிப் போகும். மேலே மூடி வேண்டும், அடியில் தண்ணீர் வெளியேற ஒரு சிறு ஓட்டையும் வேண்டும். கேபிளுக்காகத் தளத்தில் துளை போட்டு ஹாலுக்குள் இறக்குவதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளிச்சுவர் வழியாக இறக்கினால் போதும்.

தகரக் கூரை என்றால் கதை வேறு. ஸ்க்ரூ மேட்டில் ஏற வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. அடியில் தகரத்தைத் தாங்கும் பர்லினைப் பிடிக்கவும் வேண்டும். ரப்பர் வாஷரை நசுங்கும்வரை முடுக்கினால் அது வெடித்து ஒழுகும், தளர விட்டாலும் ஒழுகும். தகரத்தில் சிதறும் இரும்புத் துகளை அன்றே பெருக்கிவிடுங்கள், இரண்டு மழைக்குள் அது துருப்பிடித்து ஷீட்டைத் தின்னும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளை போடாதீர்கள், ஏறவும் ஏறாதீர்கள். ஷீட் உடைந்தால் ஆள் கீழே போவார், தூள் நுரையீரலுக்குப் போகும். சீமை ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு என் யோசனை, தோட்டத்தில் தனியாகத் தூண் நட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

பேனல் ஏறுவதற்கு முன்பே கட்டைகளைச் சுற்றிப் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். கீழே ஈரம் தெரிந்தால் அப்போதே சரிசெய்யலாம். பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். மாடியின் நீர்த்தடுப்பு அத்தனை காலம் தாங்காது. நடுவில் ஒருமுறையாவது கொத்தனார் அதற்கடியில் புகுந்து வேலை செய்தாக வேண்டும். தாழ்வான ஸ்ட்ரக்சர் என்றாலும், ஆள் குனிந்து உட்காரும் அளவுக்கு இடம் விட்டு வையுங்கள். மாடி ஏற்கெனவே ஒழுகுகிறது என்றால் அதை முடித்துவிட்டுத்தான் சோலார். ஒழுகினால் யார் பொறுப்பு, எத்தனை வருடத்துக்கு என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கி, ஜல்லி முழுக்கத் தண்ணீர் குடித்து நிற்கும் மாடியில் எந்தப் பூச்சும் நிற்காது. ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டால், தார்ப்பாய் விரித்துவிட்டுத் தை மாதம் வரை பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன்.