பெயர் சொல்லான கதை

1940 ஏப்ரல் 9ஆம் நாள் ஜெர்மானியப் படை நார்வே நாட்டுக்குள் புகுந்தது. அன்று மாலையே விட்குன் குவிஸ்லிங் என்பவர் வானொலியில் பேசினார். ஆட்சி இனித் தம் கையில் என்றார். அந்நாட்டின் தற்காப்பு அமைச்சராகவே முன்பு இருந்தவர் அவர்!

அம்மாதமே லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் அவர் பெயருக்குப் பன்மை விகுதி சேர்த்தது. பகைவருக்குத் துணைபோகும் துரோகிகளை அச்சொல்லால் சுட்டியது. நாம் 'எட்டப்பன்' என்கிறோமே, அதுபோலத்தான். ஆங்கிலத்தில் சிறப்புப்பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். 'குவிஸ்லிங்' நாளடைவில் சிறிய எழுத்துக்கு இறங்கிப் பொதுப்பெயராயிற்று, அகராதியிலும் இடம்பிடித்தது.

1942இல் ஜெர்மானியர் தயவில் அவர் ஆட்சித் தலைவரானார். போர் முடிந்ததும் நார்வே அவரை விசாரித்து, 1945 அக்டோபர் 24ஆம் நாள் மரண தண்டனையை நிறைவேற்றியது. அதற்குள் ஐந்து ஆண்டுகளாக, அவர் உயிருடன் இருக்கும்போதே, அவருடைய பெயருக்குத் 'துரோகி' என்பதே பொருளாக இருந்தது.