டாக்டருக்குப் படிக்காமலும் சுகாதாரத் துறைக்குப் போகலாம்



சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்ததும் பெற்றோர் எங்களிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "புள்ளைக்கு விஞ்ஞானம் நல்லா வருது. ஆனா டாக்டருக்கு எடுபடுமோ என்னவோ. வேற என்னதான் இருக்கு?" இந்த முறை பாடம் அந்தக் கேள்விக்காகவே. வைத்தியத் துறை என்றால் டாக்டர், நர்ஸ் இரண்டு பேர்தான் என்று லயத்தில் பலரும் நினைக்கிறோம். வந்த நோயை ஆஸ்பத்திரி பார்க்கும். நோய் வராமல் ஊரைப் பார்த்துக்கொள்ள வேறொரு பெரிய பிரிவு இருக்கிறது. அதற்குப் பெயர் பொதுச் சுகாதாரம். அதில் சேரப் பல வாசல்கள் உண்டு.

புத்தகத்தை விட்டுவிட்டு ஒரு ஊரை வைத்தே பாடத்தைத் தொடங்குவோம். மலையிலிருந்து இறங்கிக் கிழக்குக் கரைக்கு வாருங்கள். அம்பாறை மாவட்டத்தில் கல்முனைக்குத் தெற்கே, காரைதீவுக்கு வடக்கே இருப்பது சாய்ந்தமருது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவிலே நெருக்கமாக வீடுகள். வேலியோடு வேலி ஒட்டிய வளவுகள். மணல் தரை, ஆழமில்லாத கிணறு, அதற்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழி. ஊருக்குள் தோணா என்று ஒரு நீரோடை. அதிலே குப்பையும் சல்வீனியாவும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும், நுளம்பு பெருகும். நம் லயத்துக் காணும் பொதுப் பீலியும் ஞாபகத்துக்கு வருகிறதா? அங்கே மணல், இங்கே மலை. பிரச்சினை ஒன்றுதான்: நெருங்கி வாழ்கிற சனம், பொதுத் தண்ணீர், போக வழியில்லாத கழிவு.

இன்னொரு சங்கதி. நிர்வாகக் கணக்கில் இலங்கையில் 25 மாவட்டங்கள். சுகாதாரக் கணக்கில் பார்த்தால் 26. அந்தக் கூடுதல் ஒன்றுதான் கல்முனை. அங்கே பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகம் தனியாக இயங்குகிறது. நாட்டின் தொற்றுநோய் அறிக்கையில் அம்பாறைக்கு ஒரு வரி, கல்முனைக்கு ஒரு வரி.

2004 டிசம்பர் 26 கடல்கோளில் நாட்டிலேயே அதிகமான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனைக் கரையோரங்கள் தரைமட்டமாயின. கிணறெல்லாம் உப்பும் சேறும். பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் தங்கினார்கள். அடுத்தது வாந்திபேதிதான் என்று உலகமே பயந்தது. ஆனால் நாட்டில் எங்கும் பெரிய தொற்றுநோய் பரவவில்லை. அது அதிர்ஷ்டத்தால் நடந்த காரியமா? கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்டார்கள், முகாம்களில் மலசலகூடம் அமைத்தார்கள், காய்ச்சல் வந்தவர்களை நாள்தோறும் கணக்கெடுத்தார்கள், கர்ப்பிணிகளைத் தேடிப்பிடித்துப் பதிந்தார்கள். இந்த வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள் அல்லர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல உத்தியோகத்தர் என்ற பெயரில் வீதி வீதியாக நடப்பவர்கள். வீடு வீடாகப் போனதும் அந்தப் பாஷை பேசுகிற, அந்த ஒழுங்கையை அறிந்த ஆட்கள்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்முனைப் பக்கத்தில் கர்ப்பிணியின் வாசலுக்கு வருகிற மருத்துவிச்சி பெரும்பாலும் அவளுடைய பாஷையிலேயே பேசுவாள். நம் மலைநாட்டில் எத்தனையோ தோட்டங்களில் அப்படி இல்லை. வருகிற பிள்ளை நல்ல பிள்ளைதான், அக்கறையாகத்தான் கேட்கிறாள். நம் அம்மாமார் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். இரத்தம் போகிறது, தலை சுற்றுகிறது, குழந்தை துடிப்பு குறைந்துவிட்டது என்பதையெல்லாம் சைகையில் சொல்ல முடியுமா? தோட்டத்துப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போனால் மட்டுமே இந்தக் குறை தீரும்.

இந்தத் துறைக்கும் தோட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. சுமார் 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிக்க வந்தார்கள். அந்தப் புழு மலத்தோடு மண்ணுக்கு வந்து, ஈரத்திலே வளர்ந்து, செருப்பில்லாத காலின் தோல் வழியாக உள்ளே போகும். குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். நம் பாட்டன் பாட்டிமாரை வெளிறிப்போக வைத்தது இதுதான். வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள், புழுவும் விழுந்தது. சில மாதத்தில் திரும்ப அதே நோய். மலசலகூடம் இல்லாத இடத்தில் மருந்து மட்டும் கொடுத்து என்ன பயன்? ஒரு நோயை மட்டும் துரத்தினால் போதாது, ஒரு பிரதேசம் முழுவதையும் கவனிக்க நிரந்தர ஆட்கள் வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வலுத்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரி, பரிசோதகர், மருத்துவிச்சி என்று இன்று நாடு முழுவதும் இருக்கிற அமைப்பு அங்கே பிறந்தது. அதே களுத்துறையில்தான் இப்போது தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது. 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியாவுக்கு சுமார் 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு, 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றதில் இந்த அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

சரி, படிப்புக்கு வருவோம்.

முதல் வாசல் அரசாங்கப் பயிற்சி. பெண் பிள்ளைகளுக்குக் குடும்ப நல உத்தியோகத்தர் பயிற்சி: ஒரு பகுதி தாதியர் பாடசாலையில், ஒரு பகுதி வெளிக்களத்தில். பரிசோதகர் பயிற்சி களுத்துறையிலும் பிராந்தியப் பயிற்சி நிலையங்களிலும் நடக்கிறது. அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு கேட்பார்கள். பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு என்பதால் வீட்டுக்குப் பாரம் குறைவு. தகைமை, வயதெல்லை, பயிற்சிக் காலம் எல்லாம் முறைக்கு முறை மாறும். வெள்ளிக்கிழமை வெளிவரும் வர்த்தமானியில் எழுதியிருப்பதுதான் கணக்கு, கடைவீதியில் சொல்வதல்ல. எப்படியானாலும் சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் விழுந்துவிட்டால் இந்த வாசல் கிட்டத்தட்ட மூடிவிடும். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை இப்போதே கவனியுங்கள்.

இந்த வேலையில் பதவி உயர்வு உண்டு. மேற்பார்வை உத்தியோகத்தராகலாம். ஆனால் பயிற்சிச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு முதுமாணிப் படிப்புக்குப் போக முடியாது. அதற்குப் பட்டம் வேண்டும். பலர் இது தெரியாமல் பத்து வருஷம் கழித்து மனம் நொந்திருக்கிறார்கள். தாதியாகப் போனவர்களுக்கு இங்கே ஒரு வசதி: வேலையில் இருந்தபடியே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் படிக்கலாம். மேலதிகப் பயிற்சி பெற்றுப் பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரியாகவும் வரலாம்.

இரண்டாவது வாசல் பல்கலைக்கழகம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் மருத்துவமும் தாதியியலும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் அப்படியே. மிகிந்தலையில் ரஜரட்டைப் பல்கலைக்கழகம் சுகாதார மேம்பாடு என்று தனிப் பட்டமே கொடுக்கிறது. நம் ஊரில் இதைப் பற்றிப் பேச்சே காணோம், அதுதான் ஆச்சரியம். 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சாய்ந்தமருதிலிருந்து சில மைல் தூரத்தில், சம்மாந்துறையில் இருக்கிறது. அங்கே உயிரியல் படிக்கலாம். அனுமதியில் 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கென்று ஒதுக்கப்படுகிறது. அம்பாறை அதில் உண்டு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மாவட்டங்களும் உண்டு. இசட் புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் விண்ணப்பத்தை நிறுத்தாதீர்கள்.

பட்டத்துக்கு மேலே போனால், டாக்டர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சமுதாய மருத்துவ முதுமாணி இருக்கிறது. டாக்டர் அல்லாத பட்டதாரிகளும் பொதுச் சுகாதார முதுமாணி படிக்கலாம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் நிலையம் 1997 முதல் இதை நடத்துகிறது. டாக்காவில் பிராக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராண்ட் பாடசாலையும் உண்டு. சமூகவியல் படித்தவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் இருக்கிறது. ஏனென்றால் சனம் ஏன் கொதித்தாறிய தண்ணீர் குடிப்பதில்லை என்பது இரசாயனக் கேள்வி இல்லையே! இவையெல்லாம் ஆங்கிலத்தில்தான். பயப்பட வேண்டாம், ஆனால் உயர்தரம் முடித்துப் பெறுபேறு வரும்வரை இருக்கிற மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

தனியார் நிறுவனங்கள் பொதுச் சுகாதார டிப்ளோமா என்று விளம்பரம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டோம். ஈ.பி.எஃப். காசை எடுத்துக் கட்டுமுன், அந்தச் சான்றிதழுக்கு அரசாங்க வேலை கிடைக்குமா என்று சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பணத்துக்கு வழி: பல்கலைக்கழகம் போனவர்களுக்கு மஹாபொல உண்டு. 1947இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் நம் பிள்ளைகளுக்கென்றே புலமைப்பரிசில் தருகிறது. இந்தியாவில் முதுமாணி படிக்க மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இருக்கிறது. இவை இரண்டையும் பற்றி இந்திய உயர் ஸ்தானிகராலயத்தில், அல்லது கண்டியிலுள்ள உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம்.

கடைசியாகக் கடதாசி வேலை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு முதலெழுத்து என்று இருந்தால் நேர்முகப் பரீட்சையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்திக்கொள்ளலாம், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். நிரந்தர வதிவிடம் கேட்பதும் உண்டு என்பதால் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். வர்த்தமானி வந்தபின் ஓடினால் நேரம் போதாது. பிள்ளை பத்தாம் ஆண்டில் இருக்கும்போதே, பேர் போடாத ஒரு நாளைப் பார்த்துப் பிரதேச செயலகத்துக்குப் போய் வந்துவிடுங்கள்.