குழந்தையின் தலையில் அடிபட்டால் சி.டி. ஸ்கேன் அவசியமா?

கட்டிலிலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ குழந்தை விழுந்து தலையில் அடிபட்டதும், "ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே, டாக்டர்?" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. ஆயினும், தலையில் அடிபட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அது தேவைப்படுவதில்லை.

சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டே படமெடுக்கிறது. ஒருமுறை தலையை ஸ்கேன் செய்தால் உடல் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒருவர் இயற்கையாக ஓராண்டில் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். ஆக, அளவு சிறியதே. ஆனால், குழந்தையின் செல்கள் விரைவாகப் பிரிந்து பெருகுபவை. கதிர்வீச்சின் பாதிப்பை அவை எளிதில் ஏற்கின்றன. பாதிப்பு வெளிப்படுவதற்கு நீண்ட வாழ்நாளும் முன்னே இருக்கிறது. 10 வயதுக்கு உட்பட்ட 10,000 குழந்தைகளுக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த 10 ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு இரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரக்கூடும் என்று 2012இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

எனவே, முதலில் குழந்தையைப் பரிசோதிக்கிறோம். நினைவிழப்பு, மீண்டும் மீண்டும் வாந்தி, கடுமையான தலைவலி, வழக்கத்துக்கு மாறான மயக்கநிலை, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இவை எவையும் இல்லையெனில், பெரும்பாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதே போதுமானது. அவ்வாறு காத்திருப்பது அலட்சியமன்று, அதுவும் சிகிச்சையே. வீடு திரும்பிய பின் மேற்கண்ட அறிகுறி ஏதேனும் தோன்றினால் உடனே அழைத்து வாருங்கள்.

ஸ்கேன் அவசியம் என்று மருத்துவர் கூறினால், கதிர்வீச்சுக்கு அஞ்சி மறுக்க வேண்டாம். மூளையில் இரத்தக்கசிவு இருந்து அது தெரியாமல் போவது பன்மடங்கு ஆபத்தானது.

பெற்றோர் செய்யக்கூடியவை:

• "இதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா? அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. போதுமா?" என்று கேளுங்கள். இவ்விரண்டிலும் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை.

• குழந்தையின் வயதுக்கும் உடலளவுக்கும் ஏற்பக் கதிர் அளவு குறைக்கப்படுகிறதா என்று கேளுங்கள்.

• பழைய படங்களையும் அறிக்கைகளையும் கொண்டு வாருங்கள். எடுத்ததையே மறுபடி எடுப்பது தவிர்க்கப்படும்.

• குழந்தை அசைந்தால் படம் தெளிவாக வராது. மீண்டும் எடுக்க நேரிடலாம். அருகிலிருந்து அமைதிப்படுத்துங்கள். தாய் கருவுற்றிருந்தால் முன்னரே தெரிவித்து, வேறொருவரை உடன் அனுப்புங்கள்.

இக்கேள்விகளைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பதாகாது. தேவையான ஸ்கேனை உரிய நேரத்தில் எடுப்பதும், தேவையற்றதைத் தவிர்ப்பதும் பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவுகள்.