வலிக்கும் இடம் ஒன்று, வலியின் மூலம் வேறொன்று



ஆலயத்தில் அன்னதானம் முடிந்து பந்தி எழும்பும் நேரத்தில் மண்டபத்தில் ஒரு சத்தம் கேட்கும். "அம்மாடி" என்பார் ஒருவர். "முருகா" என்பார் இன்னொருவர். சுவரைப் பிடித்து எழும்புவோர், பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்து எழும்புவோர், பாதிவழியில் நின்று நாரியில் கைவைத்து மூச்சு விடுவோர் என்று எம்மவர் பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சபானெல் வீதித் தையல் ஆலைகளிலும், உணவகங்களில் கோப்பை கழுவியும், விடியப்புறம் கட்டடங்களைத் துப்புரவு செய்தும் உழைத்த உடம்புகள் அவை. நோ வந்தால் சித்தாலேப பூசுவோம், ஒத்தணம் கொடுப்போம், வலிக்குளிசை போடுவோம். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட வலி என்று மருத்துவம் சொல்கிறது. நாங்களோ அதை "வயசு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். ஆனால் என் சொந்தக் கையும் என் மாமியாரின் முழங்காலும் எனக்குச் சில பாடங்களைக் கற்பித்தன. அவற்றை இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி, எப்படி விளக்குகிறது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் என் கை. சில வருடங்களுக்கு முன் வரிக்காலத்தில் வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் விறைக்கத் தொடங்கின. முழங்கைக்குக் கீழே கடுப்பு. கணினிச் சுட்டியைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு கெட்டுவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, மருந்துக்கடையில் மணிக்கட்டுப் பட்டி வாங்கிப் பத்து மாதம் கட்டினேன். ஒரு சுகமும் இல்லை. இரவில் கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் மட்டும் வலி தணியும். அதற்கு மனைவியிடம் பேச்சு விழும். "இஞ்சாருங்கோ, தலையிலை கை வைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ, வீட்டுக்கு ஆகாது" என்பார்.

கடைசியில் ஓர் இயன்மருத்துவரிடம் போனேன். அவர் என் கையைத் தொட அரை மணித்தியாலம் எடுத்தார். அதுவரை கேள்விகள்தான். எப்போது தொடங்கியது, எந்த விரல், இரவிலா பகலிலா, எது செய்தால் கூடும், எது செய்தால் குறையும்? தலைமேல் கை வைக்கும் கதையை வெட்கத்தோடு சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் கழுத்தை வலப்பக்கம் சரித்து, தலையின் மேல் மெதுவாக அமர்த்தினார். அந்தக் கணமே விரல் நுனிவரை மின்சாரம் ஓடியது போல் இருந்தது. மணிக்கட்டில் பிழை இல்லை. கழுத்தெலும்புகளுக்கு இடையால் வெளியே வரும் நரம்பின் வேர் நெரிபட்டிருந்தது. கையைத் தலைமேல் வைக்கும்போது அந்த நரம்பின் இழுவை தளர்கிறது, அதனால்தான் சுகம். மருத்துவர்கள் இதை ஓர் அடையாளமாகவே படிக்கிறார்களாம்.

மூலம் எங்கே என்று தேடியபோது, அது தொலைபேசி! வாடிக்கையாளரோடு கதைத்தபடியே தட்டச்சுச் செய்வதற்காக, தொலைபேசியைக் காதுக்கும் வலது தோளுக்கும் இடையில் செருகி வைத்திருப்பது என் பழக்கம். மாசி தொடங்கிச் சித்திரை முடியும்வரை, நாளுக்குப் பல மணித்தியாலம். காதில் மாட்டும் ஒலிவாங்கி ஒன்று வாங்கினேன். கழுத்துக்குச் சில அசைவுகள் சொல்லித் தந்தார். மூன்று மாதத்தில் விறைப்பு போய்விட்டது. (இப்போதும் வீட்டில் தலையில் கைவைக்கத் தடைதான்.)

கணக்கியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பரீட்சை மீதி பொருந்தாவிட்டால், வித்தியாசம் தெரியும் இடத்தில் பிழை இருப்பதில்லை. அது எங்கோ ஒரு பேரேட்டில், எவரோ மாற்றி எழுதிய இலக்கத்தில் இருக்கும். வித்தியாசம் 9 ஆல் வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம், ஆனால் பிழை அங்கேயே இருக்கும். வலிக்குளிசை ஒரு தொங்கல் கணக்கு.

உடம்பு ஏன் இப்படி இடம் மாற்றிச் சொல்கிறது? 1930களின் கடைசியில் லண்டனில் ஜோனாஸ் கெல்கிரன் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். செறிந்த உப்புக் கரைசலைத் தசைகளிலும், முதுகெலும்புகளை இணைக்கும் நார்களிலும் சிறிதளவு ஏற்றினார். தம் உடம்பிலும் ஏற்றிக்கொண்டார். ஊசி போட்ட இடம் முதுகாக இருக்க, மட்டத்தைப் பொறுத்து வலி கையிலோ காலிலோ தோன்றியது. உடம்பின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வரும் நரம்புகள் முள்ளந்தண்டில் ஒரே மட்டத்தில் வந்து சேர்வதே காரணம். இரண்டு கிளைகளின் பற்றுச்சீட்டுக்கள் ஒரே பேரேட்டில் பதிவானால், தலைமை அலுவலகம் எந்தக் கிளையின் செலவென்று குழம்பும் அல்லவா? இதயத்தின் வலி இடது கையில் தெரிவதும், பித்தப்பையின் வலி வலது தோளில் தெரிவதும் இந்தக் குழப்பத்தால்தான்.

இப்போது மாமியின் முழங்கால். படத்தில் தேய்மானம் தெரிந்தது, எனவே முழங்கால்தான் குற்றவாளி என்று எல்லோரும் முடிவு செய்தோம். முழங்காலுக்கு ஊசியும் போட்டார்கள், பயன் இல்லை. ஒருநாள் இயன்மருத்துவர் அவரிடம் காலுறையைக் கழற்றிப் போடச் சொன்னார். மாமியால் குனிந்து போட முடியவில்லை. கோயிலில் சப்பாணி கட்டி இருக்க முடியாமல் போய் இரண்டு வருடம் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. படுக்க வைத்து, முழங்காலை மடித்து, இடுப்பு மூட்டை உட்பக்கமாகத் திருப்பினார். "ஓம் தம்பி, இதுதான், இந்த நோதான்" என்று மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டார். தேய்ந்திருந்தது இடுப்பு மூட்டு. இடுப்பின் வலி முழங்காலில் தெரிவது வழக்கமான ஒன்று என்று பிறகு அறிந்தோம். ஊன்றுகோலைக்கூட நோகிற பக்கத்துக் கையில்தான் பிடித்திருந்தார். எதிர்ப்பக்கத்துக் கையில் பிடித்தால்தான் நோகும் இடுப்பின் சுமை குறையும் என்று காட்டித் தந்தார்கள்.

நல்ல இயன்மருத்துவரின் முறை இதுதான். கதையைக் கேட்பது, நடப்பதையும் இருப்பதையும் எழும்புவதையும் பார்ப்பது, வலிக்கும் மூட்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள மூட்டுக்களை அசைப்பது. பிறகு உங்களுக்குப் பழக்கமான அந்த வலியை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பது. ஒரு மாற்றம் செய்து, உடனே திரும்பவும் சோதிப்பது. நியூசிலாந்தில் ரொபின் மக்கென்சி என்ற இயன்மருத்துவர் 1956 இல் கண்டது இதற்கு உதாரணம். கால்வரை வலி இறங்கிய ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிடத்தின் பின் வந்து பார்த்தால், காலில் இருந்த வலி போயிருந்தது. அந்தத் தற்செயலிலிருந்து, எந்த அசைவு வலியைக் காலிலிருந்து முதுகின் நடுவுக்குத் திருப்பி இழுக்கிறது என்று தேடும் ஒரு முறை வளர்ந்தது.

"எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரியும்தானே" என்று கேட்போருக்கு ஒரு கணக்கு. முதுகுவலி எதுவும் இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015 இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வலியே இல்லாத 20 வயதினரில் 37 வீதமானோருக்கும், 80 வயதினரில் 96 வீதமானோருக்கும் முள்ளந்தண்டு வட்டுக்களில் தேய்மானம் இருந்தது. தலைமயிர் நரைப்பது போன்றதுதான். படத்தில் தெரிவதெல்லாம் வலியின் மூலம் ஆகாது.

இந்த இடத்தில் எமது நகரத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வலியைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பெரும்பங்கு மொன்றியலில் பிறந்தது. மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் மெல்சாக் 1929 இல் இங்கே பிறந்து 2019 இல் மறைந்தவர். அவரும் பற்றிக் வோல் என்பவரும் 1965 இல் ஒரு கொள்கையை வெளியிட்டனர். முள்ளந்தண்டில் ஒரு வாசல் இருப்பது போல, வலியின் செய்தி சிலவேளை கூடுதலாகவும் சிலவேளை குறைவாகவும் உள்ளே விடப்படுகிறது. பயம், நித்திரையின்மை, கவலை, கவனம் ஆகியவையும் அந்த வாசலைத் திறக்கவும் சாத்தவும் வல்லவை என்பதே அதன் சாரம். மொன்றியல் பொது மருத்துவமனையில் 1974 இல் வலி நிலையம் தொடங்கவும் அவர் துணைநின்றார்.

மெல்சாக் செய்த இன்னொரு வேலையே என்னை அதிகம் கவர்ந்தது. நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களைச் சேகரித்தார். அவற்றிலிருந்து 78 சொற்களை 20 கூட்டங்களாக வகுத்து, 1975 இல் மக்கில் வலி வினாக்கொத்தாக வெளியிட்டார். எரியும் வலி வேறு, துடிக்கும் வலி வேறு. சொல் மாறினால் மூலமும் மாறலாம். எரிவும் விறைப்பும் மின்சாரம் போன்ற ஓட்டமும் நரம்பைச் சந்தேகிக்க வைக்கும். காலையில் நெடுநேரம் நிற்கும் இறுக்கம் மூட்டு அழற்சியைச் சந்தேகிக்க வைக்கும்.

எமக்குச் சொற்பஞ்சமா? குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, பிடிப்பு, சுளுக்கு, இழுவை, விறைப்பு, குறக்கை, விண்விண் என்ற தெறிப்பு. ஆனால் மருத்துவரிடம் போகும்போது பன்னிரண்டு வயதுப் பேரனைக் கூட்டிப் போகிறோம். அம்மம்மா "இரவிரவாக நாரியிலிருந்து தொடைக்குள்ளாலை உளையுது, விடியப்புறம் விறைக்குது" என்பார். பிள்ளை "சா ஃபே மால்" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது. அம்மம்மாவும் அவன் முன்னால் சிறுநீர் பற்றியோ மாதவிடாய்க்காலம் பற்றியோ பேசமாட்டார். மருத்துவமனையிலோ சி.எல்.எஸ்.சி.யிலோ நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்காவிட்டால் கிடைக்காது.

இனி, நாங்கள் பேசாமல் விடும் ஒன்று. எனக்குத் தெரிந்த ஓர் அன்பருக்குப் பத்து வருடத்துக்கு மேலாக உள்ளங்கால் வலி. சப்பாத்து மாற்றினார், குதிக்கு மெத்தை வைத்தார். பலர் பார்த்தார்கள், ஒருவரும் மூலத்தைக் காணவில்லை, ஏனெனில் அவர் சொல்லவில்லை. ஊரில் தடுப்புக்காவலில் இருந்தபோது உள்ளங்காலில் அடித்திருந்தார்கள். அப்படி அடிபட்டால் பாதத்தின் மெத்தை போன்ற தசை சிதையலாம், நரம்பு கெடலாம், நடை மாறி முழங்காலும் நாரியும் நோகலாம். இது மருத்துவ நூல்களில் பதிவான விடயம். அதை அவர் சொன்ன நாளில்தான் சிகிச்சை சரியான இடத்தில் தொடங்கியது. வலி முற்றாகப் போகவில்லை, ஆனால் இப்போது ஆலயத் தேர்வீதி முழுவதும் நடக்கிறார்.

கணக்கு உவமை இங்கே உடைந்துவிடுகிறது. பேரேட்டில் வித்தியாசம் இருந்தால் எங்கோ பிழை இருந்தே தீரும். உடம்பில் அப்படியல்ல. காயம் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் அபாய மணியை அடித்துக்கொண்டே இருக்கலாம். கால் துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கால்விரல் நோவது இதன் உச்சம். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் செயற்கைக் கால் பொருத்திவரும் ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில், இருக்கும் கையைக் கண்ணாடியில் காட்டி இல்லாத கையின் வலியைத் தணிக்க முயன்றார். சிலருக்குப் பலித்தது. "மூளையில் இருந்து வருகிறது" என்று மருத்துவர் சொன்னால், பொய்வலி என்கிறார், பைத்தியம் என்கிறார் என்று கோபித்துக்கொண்டு எழும்பி வராதீர்கள். போரையும் இடப்பெயர்வையும் கண்ட எம்மக்களின் துயரம் உடல்நோவாகவும் வெளிப்படுவதை யாழ்ப்பாண உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார். அந்த வலி உண்மையான வலி. மெல்ல மெல்ல நடையைக் கூட்டுவது, நித்திரையைச் சீராக்குவது, அசைவின் பயத்தைத் தணிப்பது என்று அதற்கும் இயன்மருத்துவர் வழி காட்டுவார். ஆனால் ஒரு மூலத்தைத் தேடித் தேடி ஆறாவது ஏழாவது மருத்துவரிடம் அலைவதால் அது தணியாது.

காத்திருக்கக் கூடாத சில உண்டு. முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், இருக்கும் இடம் விறைத்தல், கால் வலுவிழத்தல் ஆகியவை வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். காய்ச்சல், காரணமில்லாத உடல்மெலிவு, முன்பு புற்றுநோய் வந்திருத்தல் ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரிடமே காட்டவேண்டும். யோசனை கேட்க 811 ஐ அழைக்கலாம்.

கியூபெக்கில் 1990 முதல் மருத்துவரின் கடிதம் இல்லாமலே இயன்மருத்துவரை நேரில் காணலாம். காப்புறுதி நிறுவனம் கடிதம் கேட்கக்கூடும், முன்கூட்டியே விசாரியுங்கள். மருத்துவமனையில் இலவசம், ஆனால் காத்திருக்க நேரிடும். தனியார் நிலையத்தின் கட்டணத்தை மாகாணக் காப்புறுதி அட்டை ஏற்காது. வேலையால் வந்த வலியானால் முதலாளிக்கு உடனே அறிவித்து, மருத்துவரைக் கண்டு, சி.என்.இ.எஸ்.எஸ்.டி.க்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து இந்தக் காலத்தைத் தவறவிட்டவர்களின் கடிதக்கட்டுக்கள் சில என் மேசைக்கு வந்திருக்கின்றன, அவற்றைப் பார்க்கவே மனம் நோகும்.

கடைசியாக, என் தொழிலுக்குரிய ஒரு வார்த்தை. இயன்மருத்துவருக்குக் கொடுத்த பணத்தின் பற்றுச்சீட்டை எறியாதீர்கள். மத்திய, மாகாண வரிப் படிவங்கள் இரண்டிலும் அதை மருத்துவச் செலவாகக் காட்டலாம். வருமானத்தைப் பொறுத்த ஒரு வரம்பைத் தாண்டிய தொகைக்கே பயன் உண்டு. ஆகவே குடும்பத்தின் பல்வைத்தியம், கண்ணாடி, மருந்துச் சீட்டுக்களையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.